தபால்தலை விலையில் ஒரு தோழமை

எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டால் அதை நட்பு என்று சொல்லிவிடுகிறோம். பாராட்டுக்குச் செலவு கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து தருவதற்கும், அச்சுக் கோத்துத் தருவதற்கும், மெய்ப்பு பார்த்துத் தருவதற்கும் செலவு உண்டு. முதுகு வலிக்கும், தூக்கம் போகும். அமெரிக்காவில் 1910களிலிருந்து 1930கள் வரை அமானுஷ்யக் கதைகள் மீது பித்துக் கொண்டிருந்த சிலர், கூலி வாங்காமல் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது இந்த இரண்டாவது ரக வேலையைத்தான். இன்று பல மொழிகளில் படிக்கப்படும், படமாக்கப்படும், பல்கலைக்கழகங்களில் ஆராயப்படும் ஒரு கதை மரபு பிழைத்து வந்ததே அந்த வேலையால்தான்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தவர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட். ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1890இல் பிறந்தவர். நரம்புத் தளர்ச்சியால் 1908இல் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். அதற்குப் பிறகு ஐந்தாறு வருடங்கள் அநேகமாக வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். 1913இல் ‘ஆர்கஸி’ என்ற ஜனரஞ்சகப் பத்திரிகையில் வந்த காதல் கதைகளைச் சாடி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். மற்ற வாசகர்கள் பதிலுக்குச் சாட, ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில் பெரிய யுத்தமே நடந்தது. இதைக் கவனித்த ஐக்கிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கத்துக்காரர் ஒருவர் அவரைத் தங்கள் சங்கத்துக்கு அழைத்தார். 1914 ஏப்ரலில் லவ்கிராஃப்ட் அதில் உறுப்பினரானார்.

இந்த அமெச்சூர் பத்திரிகை என்பது நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகைக்கும் சிற்றிதழுக்கும் நடுவில் வைக்க வேண்டிய ஒன்று. உறுப்பினர் தன் செலவில் நாலு பக்கமோ நாற்பது பக்கமோ அச்சடித்து மற்ற உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தபாலில் அனுப்புவார். கடையில் விற்பனை இல்லை, எழுதியவருக்குச் சன்மானம் இல்லை. லவ்கிராஃப்ட் நடத்திய பத்திரிகையின் பெயர் ‘கன்சர்வேடிவ்’. 1915 முதல் 1923 வரை 13 இதழ்கள் வந்தன. சங்கத்தின் விமர்சனப் பகுதிப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு முன்பின் தெரியாதவர்களின் கவிதைகளில் யாப்புப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். வாழ்க்கையையே இந்தச் சங்கம்தான் தனக்குத் திருப்பிக் கொடுத்தது என்று 1921இல் ஒரு கட்டுரையில் எழுதினார். மிகையாகத் தோன்றலாம். வீட்டை விட்டு வெளியே வராத ஒருவருக்குத் தபால்காரர் வாசல் கதவைத் தட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால் மிகையில்லை.

அவரைக் கதைக்குத் திருப்பியதும் ஒரு அமெச்சூர்தான். மாசசூசெட்ஸில் அச்சுத்தொழிலில் இருந்த டபிள்யூ. பால் குக், லவ்கிராஃப்ட் சிறுவயதில் எழுதிய கதைகளைப் படித்துவிட்டு மறுபடியும் எழுதச் சொல்லி வற்புறுத்தினார். ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு 1917இல் லவ்கிராஃப்ட் மீண்டும் கதை எழுத உட்கார்ந்தார். அந்த வருடம் எழுதிய ‘டேகன்’ கதையை குக் 1919இல் தன் ‘வேக்ரன்ட்’ பத்திரிகையில் வெளியிட்டார். காசு கொடுக்கும் ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகை தொடங்கப்பட்டதே 1923இல்தான். 1925இல் குக் இன்னொன்று கேட்டார்: இலக்கியத்தில் அமானுஷ்யம் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை. லவ்கிராஃப்ட் அதற்காக மாதக்கணக்கில் நூலகங்களில் உட்கார்ந்து படித்தார். குக்கின் ‘ரெக்ளூஸ்’ பத்திரிகையில் 1927இல் அது வெளிவந்தது. அந்தப் பத்திரிகை ஒரே ஒரு இதழோடு நின்றுபோயிற்று. கட்டுரை மட்டும் நிற்கவில்லை. அமானுஷ்ய இலக்கியம் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் தொடங்கும் இடங்களில் ஒன்று அது.

இதையெல்லாம் ஒரே அன்புமயம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘கன்சர்வேடிவ்’ முதல் இதழிலேயே லவ்கிராஃப்ட் டியூடானிய இனத்தின் மேன்மையைப் பாடியிருந்தார். கறுப்பின மக்களுக்காகப் பேசிய சார்லஸ் ஐசக்சன் என்ற யூத அமெச்சூரைத் தாக்கி எழுதினார். ஐசக்சன் பதில் எழுதினார். அவருக்கு ஆதரவாக ஜேம்ஸ் எஃப். மார்ட்டன் களத்தில் இறங்கினார். மார்ட்டன் ஹார்வர்டில் படித்தவர். இனத் துவேஷத்தைக் கண்டித்து 1906லேயே தனி நூல் எழுதியவர். லவ்கிராஃப்டின் வாதத்தைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டார். வேறு எந்த இடமாக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே சில வருடங்களில் மார்ட்டன் லவ்கிராஃப்டின் மிக நெருங்கிய நண்பர்களில் ஒருவரானார். நியூயார்க்கில் 1920களின் நடுவில் நண்பர்கள் வீடு வீடாகக் கூடி விடிய விடியப் பேசிய சபையில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். லவ்கிராஃப்டின் இன வெறுப்பு மட்டும் போகவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

1930களில் அடுத்த தலைமுறை வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள். நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் சார்லஸ் ஹார்னிக் என்ற பதினேழு வயதுப் பையன் 1933 செப்டம்பரில் ‘ஃபேண்டஸி ஃபேன்’ என்ற மெலிந்த மாதப் பத்திரிகையைத் தொடங்கினான். ரசிகர் பத்திரிகைக்கு ‘ஃபேன்சைன்’ என்ற பெயரே 1940இல்தான் கிடைத்தது. சரக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. வியாபாரப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதைகளை லவ்கிராஃப்டும் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தும் ராபர்ட் ஈ. ஹோவர்டும் இந்தப் பையனுக்குச் சும்மா கொடுத்தார்கள். ‘வியர்ட் டேல்ஸ்’ வேண்டாம் என்று சொன்ன கோனன் கதை ஒன்று, நாயகன் பெயர் மாற்றத்தோடு 1934 மார்ச்சில் இங்கேதான் முதலில் வந்தது. குக் போட்ட கட்டுரையைத் திருத்தித் தொடராக வெளியிட ஆரம்பித்தார்கள். 18 இதழ்களோடு 1935 பிப்ரவரியில் பத்திரிகை நின்றபோது தொடர் பாதியில் இருந்தது.

இந்தப் பத்திரிகையிலும் ரகளை உண்டு. ஸ்மித்தின் கதை ஒன்றைப் பதினாறு வயது ஃபாரஸ்ட் ஆக்கர்மன் கடுமையாகத் தாக்கினான். அதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி மாதாமாதம் அடித்துக்கொண்டார்கள். நாற்பது வயது எழுத்தாளரும் பதினாறு வயது வாசகனும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்து அளவில் மோதிக்கொள்ள முடிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

லவ்கிராஃப்ட் தன் வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. முப்பதுகளிலேயே தன்னைத் ‘தாத்தா’ என்று சொல்லிக்கொள்வார். ஸ்மித்துக்கு ‘க்ளார்க்காஷ்-டான்’ என்று ஒரு மந்திரவாதிப் பெயர். டெக்சாஸில் இருந்த ஹோவர்டுக்கு ‘இரட்டைத் துப்பாக்கி பாப்’. இந்த இருவரையும் அவர் கடைசிவரை நேரில் பார்த்ததே இல்லை. மில்வாக்கியிலிருந்து 1933இல் கடிதம் எழுதிய ராபர்ட் பிளாக்குக்கு வயது பதினாறு. 1935இல் பிளாக் ஒரு கதையில் லவ்கிராஃப்டின் சாயலில் ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட விரும்பினான். அதற்கு எழுத்து மூலம் அனுமதி கேட்க, லவ்கிராஃப்ட் சாட்சிக் கையெழுத்துகளோடு அனுமதிப் பத்திரம் தயாரித்து அனுப்பினார். சாட்சிகள் எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள். பதிலுக்கு அடுத்த வருடம் வெளிவந்த தன் கதையில் ‘ராபர்ட் பிளேக்’ என்பவனைக் கொன்றார். அந்தப் பையன்தான் பின்னால் 1959இல் ‘சைக்கோ’ நாவலை எழுதினான். அடுத்த வருடமே ஹிட்ச்காக் அதைப் படமெடுத்தார். ஹென்றி கட்னர் இந்தக் கடித வட்டத்தின் வழியாக சி.எல். மூர் என்ற எழுத்தாளருக்கு, ஆண் என்று நினைத்துக் கடிதம் எழுதி, 1940இல் அவரையே மணந்துகொண்டார்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆர்.ஹெச். பார்லோ. ஃப்ளோரிடாவிலிருந்து 1931இல் முதல் கடிதம் எழுதியபோது வயது பதின்மூன்று. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டான். 1934இல் அழைப்பை ஏற்றுப் போய் இறங்கிய லவ்கிராஃப்ட் எதிரில் ஒரு சிறுவனைப் பார்த்துத் திகைத்தார். திரும்பிப் போகவில்லை, ஏழு வாரம் தங்கினார். அடுத்த கோடையிலும் வந்தார். அப்போது அவர் ஒரு நீண்ட கதையைப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி முடித்திருந்தார். அதன்மேல் நம்பிக்கை இல்லை. தட்டச்சு செய்யவும் மனம் வரவில்லை. பார்லோ அவருக்குத் தெரியாமல் அந்தக் கிறுக்கல் முழுவதையும் தட்டச்சு செய்து கையில் கொடுத்தான். ‘தி ஷேடோ அவுட் ஆஃப் டைம்’ என்ற அந்தக் கதையை இன்னொரு நண்பர் டொனால்ட் வாண்ட்ரை பத்திரிகையில் சேர்ப்பித்தார். 1936 ஜூனில் அச்சில் வந்தது. அடுத்தவர் எழுத்தை வார்த்தை வார்த்தையாகத் தொட்டுப் போகிற வேலை மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியும். அதைவிட ஆழமாக ஒரு கதையைப் படிக்க வழி இல்லை.

1937 மார்ச் 15 அன்று லவ்கிராஃப்ட் புற்றுநோயால் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போது வந்த ஒரே கதைப் புத்தகம், ஒரு ரசிகர் 1936இல் அச்சிட்ட, பிழை மலிந்த சிறுநூல். தன் இலக்கிய வாரிசாக பார்லோவைக் குறித்து வைத்திருந்தார். பதினெட்டு வயது பார்லோ பிராவிடன்ஸுக்குப் போய்க் கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்துப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹே நூலகத்தில் சேர்க்க ஆரம்பித்தான்.

சண்டை அங்கேதான் வந்தது. எழுத்துக்கு உடைமை என்ற பெயர் வந்ததும் இருபது வருடத் தோழமையில் விரிசல் கண்டது. ஆகஸ்ட் டெர்லெத்தும் வாண்ட்ரையும் நண்பரின் கதைகளை வெளியிட வேண்டும் என்பதற்காகவே 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். முதல் நூல் 1,268 பிரதிகள். விலை ஐந்து டாலர். விற்றுத் தீர வருடங்கள் ஆயின. நட்புக்காகப் போட்ட முதல் என்பதில் சந்தேகமில்லை. அதே சமயம் பார்லோ பிரதிகளைத் திருடிக்கொண்டான் என்ற பேச்சை வாண்ட்ரை பரப்பினார். அதை நம்பிய ஸ்மித், இனி எனக்குக் கடிதமே எழுதாதே என்று பார்லோவுக்கு இரண்டு வரி எழுதினார். பார்லோ மெக்சிகோ போய் நவாட்ல் மொழியில் பெரிய அறிஞரானார். 1951 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டபோது வயது 32.

விட்ட இடத்துக்கு வருகிறேன். யூதர்களை வெறுத்த லவ்கிராஃப்ட் 1921இல் பாஸ்டன் அமெச்சூர் மாநாட்டில் சந்தித்து, 1924இல் மணந்துகொண்ட சோனியா கிரீன் ஒரு யூதப் பெண். அவருடைய நெருங்கிய நண்பர் கவிஞர் சாமுவேல் லவ்மனும் யூதர். தன் பிரபலமான கதை ஒன்றுக்குக் கருவான கனவில் லவ்மனைக் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். லவ்கிராஃப்ட் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, அவருடைய யூத வெறுப்பின் முழு அளவை சோனியா மூலம் அறிந்த லவ்மன், தன்னிடம் இருந்த கடிதங்களைக் கொளுத்தினார். அந்தச் சாம்பலையும் இந்தத் தோழமையின் வரலாற்றில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். வேண்டியவரை விதிவிலக்காக்கிக்கொண்டு அவர் இனத்தை வெறுப்பது ஒரு வசதியான பழக்கம். இந்தியாவில் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பார்லோ நூலகத்தில் சேர்த்த தாள்கள் அங்கேயே காத்திருந்தன. 1970களின் பின்பாதியில் ஒரு இளைஞர், அந்தத் தாள்களுக்காகவே பிரவுன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கப் போனார். பெயர் எஸ்.டி. ஜோஷி. 1958இல் புனேயில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். அவரும் அமெச்சூர் பத்திரிகை வட்டத்திலிருந்து வந்தவர்தான். அச்சில் வந்த கதைகளைக் கையெழுத்துப் பிரதிகளோடு வரிவரியாக ஒப்பிட்டு, பத்திரிகை ஆசிரியர்கள் வெட்டியதையும் சிதைத்ததையும் சரிசெய்தார். 1980களின் நடுவில் ஆர்க்கம் ஹவுஸ் வெளியிட்ட திருத்தப் பதிப்புகள் அந்த உழைப்பு. 1996இல் லவ்கிராஃப்டின் பெரிய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அதில் இன வெறுப்பை மறைக்கவில்லை. உலக ஃபேண்டஸி விருதாக வழங்கப்பட்டுவந்த லவ்கிராஃப்ட் தலைச்சிலையை 2015இல் கைவிட்டபோது, தனக்குக் கிடைத்த இரண்டு விருதுகளைத் திருப்பி அனுப்பினார். சிலையை மாற்றியது சரி என்பதே என் கட்சி. 2011இல் அதைப் பெற்ற நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் நெடி ஒகோராஃபர், தன்னைப் போன்றவர்களை இழிவாக எழுதியவரின் தலையை வீட்டில் வைத்திருப்பது பற்றிக் கேள்வி எழுப்பியது நியாயம். அதனால் ஜோஷியின் உழைப்பு குறைந்துவிடவில்லை.

1915இல் ‘கன்சர்வேடிவ்’ ஆசிரியரின் மனதில் புனேக்காரர் ஒருவருக்கு நாற்காலி போடப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் ஒரு பையன் கூலி வாங்காமல் கட்டிச் சேர்த்த தாள் மூட்டை, அதை யார் வந்து பிரிக்கலாம் என்று கேட்கவில்லை. நண்பர்களின் மனம் குறுகலாக இருந்தது. அவர்கள் செய்து வைத்த வேலை அதைவிட விசாலமாக இருந்தது.