களையை எடுப்போம், பயிரைக் காப்போம்



விஞ்ஞானம் மனித குலத்திற்கு அளித்த கொடைகளுள் இணையம் தலைசிறந்தது என்பதை மறுப்பார் இல்லை. நூலகம், அஞ்சலகம், கடைத்தெரு யாவும் இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. ஆயினும் ரோஜாவுக்கு முள் உண்டு. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களும், பெண்களின் புகைப்படத்தை மாற்றி மிரட்டும் கயமையும் அங்கேதான் உலவுகின்றன. "இவற்றை அரசு அடியோடு தடுக்கக் கூடாதா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "தடுக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும்?" என்று கேட்பவரும் உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்போமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தையை ஆபாசமாகக் காட்டும் படம் ஒருவருடைய கருத்து அன்று. அது ஒரு குற்றத்தின் சாட்சி. அதை ஒருவன் பார்க்குந்தோறும் அக்குழந்தை மீண்டும் காயப்படுகிறது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67பி பிரிவு, இத்தகைய படங்களை வெளியிடுவதை மட்டுமன்றித் தேடிப் பார்ப்பதையும் குற்றம் என்கிறது. இதைத் தடுப்பதால் எவருடைய பேச்சுரிமையும் பறிபோவதில்லை.

ஆனால் தடுக்கும் கை தவறுவதும் உண்டு. 2003-ஆம் ஆண்டில் ஒரே ஒரு குழுவின் பக்கத்தை அடைக்க அரசு ஆணையிட்டபோது, யாகூ குழுக்கள் அனைத்துமே இந்தியாவில் அடைபட்டன. 2012-இல் '3' என்ற தமிழ்த் திரைப்படத்தைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடை விதித்தது. அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் பல தளங்களை முழுமையாக மூடிவிட்டன. பின்னர் நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுத்தால் போதும், முழுத் தளத்தையும் அன்று என்று விளக்க வேண்டியதாயிற்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்! அவ்வளவு தூரம் போவானேன்? மார்பகப் புற்றுநோயைப் பற்றிக் கட்டுரை எழுத நாங்கள் கணிப்பொறி அறையில் தேடியபோது, அந்தச் சொல்லுக்காகவே வடிகட்டி வழிமறித்தது.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2012-இல் மகாராஷ்டிர மாநிலத்தில், ஒரு தலைவரின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் கைது செய்யப்பட்டனர். இதைக் கண்டு மனம் பொறாத ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2015 மார்ச் 24 அன்று 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பு, தளங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்பது போன்ற காப்புகள் அதில் இருப்பதே அதற்குக் காரணம். ஆயினும் 2009-ஆம் ஆண்டு விதிகள் அந்நடவடிக்கைகளை இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. காரணம் தெரியாத தடையை எப்படி எதிர்த்து வாதாடுவது?

நம் திருச்சபையின் வரலாறும் ஒரு பாடம் தருகிறது. நானூறு ஆண்டுகளாக இருந்த தடை நூல் அட்டவணையின் சட்ட வலிமை 1966-இல் நீக்கப்பட்டது. தீய நூலை விலக்கும் கடமையோ நீங்கவில்லை. அது அவரவர் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். சட்டம் குற்றம் என்று கூறுவதை மட்டுமே தடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டுமே தடுக்க வேண்டும். காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பக்கத்தை மறைத்ததோடு நின்றுவிடாமல், படமெடுத்த கயவனைப் பிடிக்க வேண்டும். திரை போட்டால் குப்பை மறையும், நாற்றம் மறையுமா?

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மிரட்டலுக்கு ஆளான மகள் அழுதுகொண்டு வந்தால், முதலில் அவள் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்; அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று திட்டு வாங்கியவள் மறுமுறை வாய் திறக்க மாட்டாள். அந்த மௌனமே கயவனுக்குப் பலம். தோழியரே, வீட்டில் சொல்ல அஞ்சினால் ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ சொல்லுங்கள். 1098 என்ற சிறார் உதவி எண்ணும் இருக்கிறது.

வயலில் களை எடுப்பவள் கண்ணை மூடிக்கொண்டு அரிவாளை வீசுவதில்லை. குனிந்து, பார்த்து, பிடுங்குகிறாள். அரசும் வீடும் பள்ளியும் அவ்வாறே செய்யட்டும். களை ஒழிக! பயிர் தழைக்க!

— பத்தாம் வகுப்பு மாணவி