சிறார் புதினமும் சிறார்தம் கருத்தும்

பிள்ளைமைக்கென்றே ஒரு தனி இலக்கிய வகையைக் கண்ட மொழி நம் தமிழ்மொழி. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்து, தெய்வங்களையும் அரசர்களையும் அருளாளர்களையும் பிள்ளையாக்கிப் பாடிச் சீராட்டினர் நம் புலவர். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் உளர். அந்நூல்களைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தி வந்த யாம் மிகத் தாமதமாகவே ஒன்றைக் கவனித்தோம். பிள்ளைத்தமிழில் பிள்ளை பேசுவதில்லை. அது செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது, முத்தம் தருமாறு வேண்டப்படுகிறது. அதனோடு விளையாட வருமாறு நிலவு அழைக்கப்படுகிறது. சிற்றில் பருவத்தில் சிறுமியர், தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா எனக் கெஞ்சுவர். அப்போதும் பாட்டுடைப் பிள்ளை மறுமொழி ஏதும் கூறுவதில்லை.

இலக்கியத்தில் அஃது ஒரு மரபு. அதனைக் குறையென்று கூற மாட்டோம். ஆனால் அம்மரபை நாம் வாழ்க்கையிலும் கடைப்பிடித்து வருகிறோமோ என்பதே எம் ஐயம். சிறார்க்கும் இளையோர்க்கும் உரிய புதினங்களை எழுதுவோர் பெரியவர், அச்சிடுவோர் பெரியவர், தேர்ந்து வாங்குவோரும், பரிசளிப்போரும், மதிப்புரை வரைவோரும் பெரியவரே. யாருக்காக அந்நூல் எழுதப்பட்டதோ அவரிடம் மட்டும், "உனக்கு இது பிடித்ததா?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் வேண்டிய விடையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டுதான் கேட்கிறோம்.

நம் முன்னோரும் புதினமும்

"கதைப்புத்தகம் படித்துக் காலத்தை வீணாக்காதே" என்னும் சொல்லை நம் வீடுகளில் இன்றும் கேட்கலாம். அதனைச் சொல்லும் பெரியோர் பிள்ளைகளின் நலம் நாடியே சொல்கின்றனர். எனினும், புதினம் நமக்கு அயலானது என்னும் எண்ணம் வரலாற்றோடு பொருந்தாது. தமிழின் முதற் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1885-இல், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை (1838–1898) 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, சமுதாயத்தின் கல்விக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த பெருமகனார் அவர். அவர் புனைந்த கதையின் தலைவன் யார்? எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்திய மண்ணில் வளர்ந்த ஓர் இளைஞன். இளையோர் விரும்பும் துணிவும் பயணமும் நிறைந்த கதையை நம் சமுதாயச் சீர்திருத்தவாதி ஒருவரே அன்று எழுதினார்.

1938-இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை எழுதியபோது, டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கிச் சிறப்பித்தார். பள்ளிக் கல்வியை மிகச் சிறிதே பெற்றிருந்த ஓர் இளம்பெண்ணின் எழுத்துக்குத் தமிழ்த் தாத்தா செவிசாய்த்தார். இளையோர் சொல்வதைப் பெரியோர் கேட்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வகுப்பறையில் ஒரு நாள்

இனி எம் குறை ஒன்றை இம்மலரில் பதிவு செய்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு மாணவர்க்கு ஒரு பயிற்சி அளித்தோம். விடுமுறையில் ஆளுக்கொரு சிறார் புதினத்தைப் படித்து வந்து வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பதே அப்பயிற்சி. பெரும்பாலோர் ஒரே அச்சில் வார்த்தாற்போல் பேசினர். கதைச் சுருக்கம் கூறி, "இக்கதையின் வாயிலாக உண்மையே வெல்லும் என அறிகிறோம்" என முடித்தனர். யாமும் தலையசைத்து மதிப்பெண் இட்டோம்.

ஒரு மாணவி 'குட்டி இளவரசன்' படித்திருந்தார். 1943-இல் வெளிவந்த அந்தப் பிரெஞ்சு நூல் 1981-இல் தமிழாக்கம் பெற்றது. தன் சிறு கோளையும் அங்குள்ள ரோசாவையும் விட்டுப் பிரிந்து வரும் சிறுவன் ஒருவன், பாலைவனத்தில் ஒரு விமானியைச் சந்திக்கிறான். இறுதியில் பாம்பு தன்னைத் தீண்டவிட்டுத் தன் கோளுக்குத் திரும்புவதாகச் சொல்கிறான். மறுநாள் காலையில் அவன் உடல் அங்கு இல்லை. அவன் வீடு சேர்ந்துவிட்டான் என விமானி நம்புகிறான்.

அம்மாணவி கதைச் சுருக்கம் கூறவில்லை. "ஐயா, இந்தப் புத்தகத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. உடலைப் பார்க்காமல், அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எப்படி நம்புவது? அவன் ரோசாவிடம் போய் யார் சொல்வார்கள்?" என்றார். வகுப்பில் சிலர் சிரித்தனர். யாம், "அது குறியீடம்மா. உனக்கு இன்னும் விளங்கவில்லை. உட்கார்" என்றோம். அவர் உட்கார்ந்தார். அவ்வாண்டு முழுவதும் எம் வகுப்பில் அவர் வாய் திறக்கவில்லை.

ஆண்டு முடிவில் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வாயிலாகவே எமக்குச் செய்தி தெரிந்தது. அம்மாணவியின் தந்தை வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். குடும்பத்தார் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

அந்நூலை எத்தனையோ முறை படித்தவர் யாம். குறியீடு, படிமம் எனப் பலவும் பேசத் தெரிந்தவர் யாம். ஆயினும் அந்த வகுப்பில் அந்நூலை உண்மையாகப் படித்திருந்தவர் அவர் ஒருவரே. பெரியவர்கள் பிள்ளைகள் வரைந்த படத்தைப் பார்த்துத் தொப்பி என்பர். அதனுள் யானையை விழுங்கிய மலைப்பாம்பு இருப்பது அவர்தம் கண்ணுக்குப் புலப்படாது. இதனைத் தொடக்கத்திலேயே சொல்லும் நூலை வைத்துக்கொண்டே யாம் அத்தவற்றைச் செய்தோம். அவரிடம் பின்னர் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை ஐயா" என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்னதனால் அது பரவாயில்லை என்று ஆகிவிடாது.

கருத்தும் அச்சமும்

சிறார்க்கு எது தகும், எது தகாது என்று பெரியோர் கவலைப்படுவது இயல்பே. இக்கவலை உலகெங்கும் உண்டு. சித்திலெவ்வையின் புதினம் வெளிவந்த அதே 1885-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கான்கார்டு நகர் நூலகக் குழுவினர் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' இளையோர்க்கு ஒவ்வாத முரட்டு நூல் எனக் கூறி விலக்கினர். அடிமைத் தளையிலிருந்து தப்பியோடும் ஒருவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கும் சிறுவனின் கதை அது. விலக்கியோர் அதன் மொழியைக் கண்டனர். அதன் உள்ளத்தைக் காணவில்லை.

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. 2020-இல் தமிழுக்கான விருதினை யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பெற்றது. தகாத தொடுதலுக்கு ஆளான சிறுமி, பெரியவரிடம் சொல்ல இயலாததை ஒரு மரப்பாச்சிப் பொம்மையிடம் சொல்லித் துணிவு பெறும் கதை அது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஆயினும் தனக்கு நேர்ந்ததைச் சொல்வதற்குப் பிள்ளைக்கு ஒரு சொல்லும், கேட்பதற்கு ஒரு செவியும் இருந்தால்தான் சட்டம் துணை நிற்கும்.

எம் மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர் ஒருவர் இந்நூலைப் பற்றிக் கேள்விப்பட்டு, "இதையெல்லாம் பெண்பிள்ளைகள் கையில் கொடுப்பதா?" என்று எம்மிடம் வினவினார். "தாங்கள் படித்தீர்களா?" என்றோம். இல்லை என்றார். நூலைக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். அப்போதும் எம்மோடு முழுவதும் உடன்படவில்லை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு வேண்டா என்றார். தாய் அருகிருந்து சேர்ந்து படிப்பதே நன்று என்றார். ஆண்பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும் என்றார். இறுதியாகச் சொன்னது எமக்கே தோன்றாத ஒன்று. படிக்கும் முன் அவர் சொன்னது அச்சம்; படித்தபின் சொன்னது கருத்து. கருத்து மாறுபட்டால் உரையாடலாம். அச்சத்தோடு எவ்வாறு உரையாடுவது?

இடைவெளி

தமிழில் சிறார்க்கு நூலில்லை என்பது பொருந்தாக் கூற்று. 1947-இல் 'அம்புலிமாமா' தொடங்கியது. 1950-இல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. வாண்டுமாமாவின் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறையினர் இன்று தாத்தா பாட்டியராக உள்ளனர். அண்மையில், கீழடியைச் சிறுவர்க்குக் கதையாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இலும், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-இலும் அகாதெமியின் சிறார் விருதினைப் பெற்றுள்ளன.

நூல்கள் உள்ளன, நூல்களைப் பற்றிய பேச்சுத்தான் இல்லை. பன்னிரண்டு முதல் பதினேழு அகவை வரையிலான காலத்தை எண்ணிப் பாருங்கள். அப்போதுதான் பிள்ளை தன்னைப் பற்றி ஆயிரம் வினா எழுப்புகிறது. அப்போதுதான் நாமும் தேர்வைக் காரணம் காட்டி அதன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிடுகிறோம். அப்பிள்ளை கல்லூரிக்கு வந்து சேரும்போது ஒரு புதினத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல அஞ்சுகிறது. சந்தையில் கிடைக்கும் உரைநூலைத் தேடுகிறது. "மாணவர்க்குச் சிந்தனைத் திறன் இல்லை" என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து நாம் குறைப்படுகிறோம். இல்லாமற் செய்தவர் யார்?

செய்யத்தக்கன

இத்துறையில் வாரம் ஒரு மணி நேரம் நூல் பேசும் அவை ஒன்று அமைய வேண்டும் என்பது எம் விருப்பம். கல்லூரி மாணவரோடு, அருகிலுள்ள பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளும் அதில் அமரட்டும். நூலகத்தில் இளையோர் புதினங்களுக்கு ஓர் அடுக்கு ஒதுக்கப்படட்டும். அவையின் நெறிகள் மிகச் சிலவே.

முதலாவது, "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்று எவரும் கேட்கக் கூடாது. நீதி வேண்டா என்பது எம் கருத்தன்று. உள்ளத்தில் தைத்த நீதி கேளாமலே வெளிப்படும். தைக்காத நீதி கேட்டால் மனப்பாடமாக வரும்.

இரண்டாவது, "பிடிக்கவில்லை" என்று சொல்லும் உரிமை அனைவர்க்கும் உண்டு. பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டானியல் பென்னாக் 1992-இல் எழுதிய நூலொன்றில் வாசகரின் பத்து உரிமைகளைத் தொகுத்துரைத்தார். நூலைப் பாதியில் நிறுத்துவதும், பக்கங்களைத் தாண்டிச் செல்வதும், படித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருப்பதும் அவற்றுள் அடங்கும். பேசும் உரிமையைத் தருவோர் மௌனத்தையும் மதித்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் இறுதியில் பேசுதல் வேண்டும். முதலில் ஆசிரியர் பேசிவிட்டால் பின்னர் எழுவன எல்லாம் எதிரொலியே. எம்மைப் போன்றோர்க்கு இந்நெறியே மிகக் கடினமானது.

நான்காவது, ஒரு நூல் தகாது என்று கருதும் பெரியோர் அதனைப் படித்துவிட்டு அவைக்கு வந்து சொல்லுதல் வேண்டும். அவர்க்கு முதல் வரிசையில் இருக்கை உண்டு. அவர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பர். பிள்ளைகள் சொல்வதை அவரும் கேட்டல் வேண்டும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பத்து நூல்களும், வட்டமாக இடப்பட்ட சில நாற்காலிகளும், பொறுமையும் போதும்.

முடிவுரை

பிள்ளைகள் கருத்துச் சொல்லப் பழகினால் பெரியோரிடம் மரியாதை குறையும் என்பர் சிலர். எம் பட்டறிவு வேறு. தன் சொல்லைக் கேட்ட பெரியவரைப் பிள்ளை மறப்பதில்லை. தன்னை உட்காரச் சொன்னவரையும் மறப்பதில்லை. எந்த வகையில் நினைக்கப்பட வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

அன்று அந்த மாணவி கேட்ட வினாவுக்கு எம்மிடம் இன்றும் விடை இல்லை. அன்று யாம் சொல்லியிருக்க வேண்டியது, "எனக்கும் தெரியவில்லையம்மா, மேலே சொல்" என்பதே. இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இன்றிரவு தம் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு நூலைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பாராக. கேட்டபின் சற்றே வாய்மூடி இருப்பாராக.