கடைசிப் பக்கத்து வேண்டுகோள்

“உம்மா, இது போன் இல்லை, புத்தகம்தான்” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சாச்சா தந்த கிண்டிலில், ஹரி பொட்டர் ரசிகர்கள் அந்தப் பாத்திரங்களை வைத்து எழுதும் கதைகளை வாசிக்கிறேன். ‘ஆர்கைவ் ஒஃப் அவர் ஓன்’ தளத்தில் அவற்றை இலவசமாக இறக்கலாம். எல்லாக் கதையும் எங்கள் வயதுக்குரியதல்ல. மேலே போட்டிருக்கும் வயதுக் குறியீட்டைப் பார்த்துத்தான் எடுப்பேன். (பெற்றோர் கவனத்துக்கு!)

உம்மாவிடம் சொன்னது பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். கிண்டிலில் நாவலும் ரசிகர் கதையும் ஒரே எழுத்தில் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. ஆனால் ரசிகர் கதை எழுதுபவருக்குக் காசு இல்லை. வாசிப்பவர் எழுதும் இரண்டு வரிதான் கூலி. எங்களைப் போலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே எழுதும் பிள்ளையாகவும் இருக்கலாம். இறக்கிய கோப்பின் கடைசியில், பிடித்திருந்தால் எழுதியவருக்குத் தெரிவியுங்கள் என்ற வேண்டுகோள் எப்போதும் இருக்கும். விளம்பரத்தைப் போல அதைத் தள்ளிவிடுவேன்.

ஒரு கதையில் பதினெட்டு அத்தியாயம் அப்படியே வாசித்தேன். போன மாதம் அடுத்ததைத் தேடினால் கதையே இல்லை, எழுதியவர் நீக்கிவிட்டார். ஏனென்று கேட்கவும் வழியில்லை. என் கிண்டிலில் மட்டும் அது பாதியில் நிற்கிறது.

இப்போது வாசித்து முடித்ததும் எழுதிவிட்டுத்தான் அடுத்ததை இறக்குகிறேன். நேற்று எழுதியதில் இரண்டு ஆங்கிலப் பிழை. அனுப்பிய பிறகுதான் கண்டேன்.