வேலை முடிந்த பையா?

"பிள்ளை பெத்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு? எடுத்துப் போட்டா நிம்மதி." திருத்தணியில் நகரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் இதைச் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. தமிழிலும் சொல்வார்கள், தெலுங்கிலும் சொல்வார்கள். அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனை கேடானது.

1960 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஊர். எல்லைக்கோடு மாறியபின்னும் சம்பந்தமும் வைத்தியமும் இரு பக்கமும் போய்வருகின்றன. அந்தப் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாடு முழுக்க நூற்றுக்குச் சுமார் 3 பேர். ஆந்திரத்தில் ஏறக்குறைய 9 பேர். நாட்டில் இந்த அறுவைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. நிம்மதி யாருக்கு என்பது பில்லில் தெரியும்.

இந்தியப் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்குச் சில வருஷம் முன்பே ரத்தப்போக்கு தாறுமாறாகும். நடுராத்திரியில் முகமும் கழுத்தும் குபீரென்று எரிய, ரவிக்கை நனைந்து எழுந்து உட்காருவாள். ஃபேனைக் கூட்டினால் பக்கத்தில் படுத்திருப்பவர் குளிருது என்பார். பையை எடுத்தால் இந்த எரிச்சல் தீராது. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரியும்; எரிச்சல் கூடும், எலும்பு தேயும், இதய நோய்க்கும் வழி திறக்கும். புற்றுநோய்க்கு, வேறு வழியில்லாத கட்டிக்கு அறுவை வேண்டியதுதான். வெறும் அதிக உதிரப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி போல உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கேட்டால்தானே சொல்வார்கள்!

இதன் மறுபாதி இன்னும் மோசம்: "நிக்கப்போற சமயம் அப்படித்தான்" என்று எதையும் பொறுத்துக்கொள்வது. முழுசாக ஒரு வருஷம் நின்றபின் ஒரு துளி பட்டாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

அவசியமில்லாத கர்ப்பப்பை அறுவையைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு பஸ் ஸ்டாண்டு வரை வந்து சேர வேண்டாமா? அதற்கு வழி இருக்கிறது: 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பி.பி., சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருபவரும் பெண்தான். "தூக்கம் வருதாக்கா? நின்னபிறகு மறுபடி பட்டுச்சா? பையை எடுக்கச் சொன்னாங்களா?" என்று மூன்று கேள்வி கேட்க அவருக்குப் பயிற்சி கொடுங்கள். மூன்றாவதற்கு ஆமாம் என்றால், அரசு மருத்துவமனை மகப்பேறு டாக்டர் ஒருமுறை பார்க்காமல் அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது.