சைக்கிள் கூடை: அளவைவிட இடம் முக்கியம்

வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால், சாம்பாருக்குத் தேங்காய் வேண்டுமென்றால், தாமானுக்குள் இருக்கும் மளிகைக் கடைக்குப் போகும் பொறுப்பு பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. பத்து நிமிட வேலைக்குக் கார் தேவையில்லை. சைக்கிள் போதும். ஆனால் வாங்கிய பொருளை எதில் வைத்துக் கொண்டு வருகிறீர்கள்?

பலர் பிளாஸ்டிக் பைகளை ஹேண்டிலின் இரு பக்கமும் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் கடையில் கண்ணில் படும் கூடைகளிலேயே பெரியதை வாங்கிப் பின் கேரியரில் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே சரியான வழி அல்ல என்பது என் கருத்து. கூடையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் அளவும் இல்லை, நிறமும் இல்லை. அது சுமையைச் சைக்கிளின் எந்த இடத்தில் வைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஹேண்டிலில் தொங்கும் பையை முதலில் தள்ளிவிடுவோம். அது ஊசல் போல ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் ஹேண்டிலை ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட மோசமானது, பை முன் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்குவது. முன் சக்கரம் சட்டென நின்றுவிட்டால் ஓட்டுபவரின் உடல் நிற்காது. நிலைமத்தால் முன்னோக்கிப் பாயும். ஐந்து கிலோ அரிசிக்காக யாரும் தலைகீழாக விழ வேண்டியதில்லை. சுமை பின்னால் இருக்கட்டும். ஆனால் பின்னால் எங்கே?

என்ன ஏற்றப் போகிறீர்கள்?

கூடை வாங்கும் முன் ஒரு வாரம் நீங்கள் என்னென்ன கொண்டு வந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ரொட்டி, முட்டை, கங்கோங் கீரை மட்டும்தானா? அல்லது அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் உண்டா? கன அளவும் நிறையும் ஒன்றல்ல என்பது இங்கேதான் புரியும்.

நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டர் உள்ள ஒரு கூடையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 30,000 கன சென்டிமீட்டர், அதாவது 30 லிட்டர். அதைக் கீரையால் நிரப்பினால் சில கிலோதான். அதையே அரிசியால் நிரப்பினால்? ஒரு லிட்டர் அரிசி ஏறத்தாழ 0.8 கிலோ. எனவே கூடை முழுக்க அரிசி என்றால் 24 கிலோ வந்துவிடும். கூடை ஒன்றுதான், உள்ளே இருப்பதன் அடர்த்தி மாறியதால் சுமை பல மடங்கு கூடிவிட்டது. பெரிய கூடையின் ஆபத்து இதுதான். இடம் இருக்கிறதே என்று மனம் நிரப்பச் சொல்லும். கேரியரின் வலிமையோ மாறவே மாறாது.

ஆகவே கூடைக்கு முன் கேரியரைப் பாருங்கள். பல கேரியர்களில் அது தாங்கும் உச்ச நிறை, 10 கிலோ அல்லது 25 கிலோ என்பது போலப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குள் கூடையின் நிறையும் அடங்க வேண்டும். சீட்டுக்குக் கீழுள்ள குழாயை மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியர் கனமான சுமைக்கு ஏற்றதல்ல. பின் அச்சின் அருகே இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் கேரியர்தான் சுமையை நேராகச் சட்டகத்துக்கு இறக்குகிறது. எண் எதுவும் பொறிக்கப்படவில்லை என்றால் ரொட்டிக்கும் கீரைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

பின்னால் தள்ளினால் முன் சக்கரம் லேசாகும்

இப்போது இடத்துக்கு வருவோம். சைக்கிளின் இரு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் இருக்கும். பின் அச்சை நெம்புகோலின் தாங்குபுள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ சுமையின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், பத்தை இருபதால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். விடை 2. அதாவது முன் சக்கரத்தின் மேலுள்ள சுமை 2 கிலோ குறைகிறது. பின் சக்கரம் 12 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது. கூடை இன்னும் பின்னால் போய் 30 சென்டிமீட்டரில் நின்றால் முன் சக்கரம் 3 கிலோவை இழக்கும்.

இரண்டு மூன்று கிலோ என்ன பெரிது என்று கேட்கலாம். சமதரையில் பெரிதில்லைதான். மேட்டில் ஏறும்போது எடை தானாகவே பின்னால் சாய்கிறது. அப்போது முன் சக்கரம் இன்னும் லேசாகி ஹேண்டில் அலையத் தொடங்கும். ஆகவே மேல்கூடை வாங்கினால் அதை எவ்வளவு முன்னால் தள்ளிப் பொருத்த முடியும் என்று பாருங்கள். கனமான பொருளைக் கூடைக்குள் சீட்டுப் பக்கமாக வையுங்கள். இதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை.

உயரமும் பக்கமும்

அடுத்தது உயரம். கேரியரின் மேல் உட்காரும் கூடையில் சுமையின் மையம் தரையிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கும் கூடையில் அது சுமார் 50 சென்டிமீட்டர். சைக்கிளை நிறுத்திப் பிடித்திருக்கிறீர்கள்; அது 10 பாகை சாய்கிறது என்று வைப்போம். மேலே உள்ள 10 கிலோ சுமை சைக்கிளைக் கீழே தள்ளும் திருப்புத்திறன் கிட்டத்தட்ட 15 நியூட்டன் மீட்டர். தாழ்வான சுமைக்கு அது 9 நியூட்டன் மீட்டர்தான். சுமையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இடத்தை மாற்றியதாலேயே இந்த வேறுபாடு.

கடையின் முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போதும், சாலைச் சந்திப்பில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போதும், மீண்டும் மிதிக்கத் தொடங்கும் முதல் சில நொடிகளிலும் இந்த வேறுபாட்டை உங்கள் கை உணரும். சைக்கிள் சரிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மெதுவான நேரங்களில்தான். அந்தக் காலத்துப் பால்காரர்கள் கனமான பால் கேன்களைக் கேரியரின் பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்கவிட்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை நாம் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

“ஒரு பக்கம் மட்டும் கூடை மாட்டினால் சைக்கிள் அந்தப் பக்கம் சாயாதா, சார்?” என்று வகுப்பில் தவறாமல் கேட்பார்கள். நல்ல கேள்வி. 50 கிலோ மாணவர், 15 கிலோ சைக்கிள், நடுக்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 5 கிலோ சுமை. மொத்தம் 70 கிலோ. ஐந்தை இருபதால் பெருக்கி எழுபதால் வகுத்தால், மொத்த ஈர்ப்பு மையம் நகர்வது 1.4 சென்டிமீட்டர் மட்டுமே. ஓட்டும்போது உங்கள் உடல் தன்னையறியாமல் அதைச் சரிசெய்துவிடும். தொல்லை வருவது நீங்கள் இறங்கிய பிறகுதான். அப்போது சமன்செய்ய உங்கள் உடல் சைக்கிளின் மேல் இல்லை. ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் ஒருபக்கச் சுமையால் எளிதில் கவிழும். ஆகவே பக்கக் கூடை வாங்குபவர்கள் இரட்டைக்கால் ஸ்டாண்டும் பொருத்திக்கொள்வது நல்லது.

ஒரே கூடைதான் என்றால் இடப்பக்கம் மாட்டுங்கள். நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. இடப்பக்கக் கூடை சாலையோரமாக இருக்கும். முந்திச் செல்லும் வாகனத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்காது. சங்கிலியும் வலப்பக்கம்தான் ஓடுகிறது.

பக்கக் கூடைக்கு ஒரு சோதனை கட்டாயம் உண்டு. கடையிலேயே சைக்கிளில் உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். குதிகால் கூடையில் இடித்தால் அந்தக் கூடை உங்களுக்கு வேண்டாம். கூடையின் அடிப்பகுதி சக்கரக் கம்பிகளை நோக்கி அசைகிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

மேல்கூடைக்கும் நியாயம் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு மேல்கூடையே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது குதிகாலில் இடிக்காது. சைக்கிளின் அகலத்தைக் கூட்டாது. புத்தகப் பையைத் தூக்கிப் போட்டால் போதும், இறக்குவதும் எளிது. நெரிசலான இரவுச் சந்தையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக அதுதான் வசதி. ஆகவே என் பரிந்துரை இது: பெரும்பாலும் 5 கிலோவுக்குள் ஏற்றுபவர்களுக்கு உயரம் குறைந்த மேல்கூடை போதும். அரிசி, எண்ணெய், தண்ணீர்ப் போத்தல் என்று அடிக்கடி கனமாக ஏற்றுபவர்கள் பக்கக் கூடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையில்லாதபோது மடித்து வைக்கும் கம்பிக் கூடைகளும் இருக்கின்றன.

எதனால் செய்தது? எப்படிப் பிணைத்தது?

இரும்புக் கம்பிக் கூடை உறுதியானது. ஆனால் மேற்பூச்சு உரிந்த இடத்தில் நம் மழையும் ஈரக்காற்றும் உடனே வேலையைக் காட்டும், துரு பிடிக்கும். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. அதன் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மெல்லிய அலுமினியக் கம்பியைக் கண்டு ஏமாறாதீர்கள். கம்பி தடிமனாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடை லேசானது, மலிவானது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் அதை நொறுங்கச் செய்யும். பிரம்புக் கூடை அழகானது. மழையில் நனையவிடக் கூடாது. எதுவாக இருந்தாலும் அடியில் தண்ணீர் வடிய வழி வேண்டும்.

கூடையைவிட அதைப் பிணைக்கும் முறைக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். நான்கு மூலைகளிலும் போல்ட், அகலமான வாஷர், அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. இவைதான் சரியான பிணைப்பு. பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை மட்டும் நம்பாதீர்கள். அவையும் வெயிலில் நொறுங்கும். தளர்வான கூடை ஒவ்வொரு குழியிலும் சற்றே மேலெழும்பி மீண்டும் மோதும். அந்த மோதல் விசை, அசையாமல் இருக்கும் சுமையின் எடையைவிடப் பல மடங்கு கூடலாம். உள்ளே உள்ள பொருளையும் அசையாமல் கட்டுங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டினால் அருமையான பட்டை கிடைக்கும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கைநழுவினால் கண்ணைப் பதம் பார்க்கும். அதன் நுனி சக்கரத்திலும் சிக்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பிரேக். 65 கிலோவாக இருந்த மொத்த நிறை 75 கிலோவானால் அதே வேகத்தில் இயக்க ஆற்றல் 15 விழுக்காடு கூடுகிறது. பிரேக்கின் விசை மாறாவிட்டால் 4 மீட்டரில் நின்ற சைக்கிள் 4.6 மீட்டரில்தான் நிற்கும். மழையில் பிரேக்கின் பிடியும் குறையும். சுமை ஏற்றினால் மெதுவாகச் செல்லுங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். பெரிய கூடையோ அதில் தொங்கும் பையோ பின்பக்கச் சிவப்பு விளக்கையும் பிரதிபலிப்பானையும் மறைத்துவிடலாம். மாலை ஏழரை மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையைப் பின்னால் வரும் லாரிக்காரர் பார்த்தாக வேண்டும். மறைந்தால் அவற்றைக் கழற்றிக் கூடையின் பின்புறத்தில் மாட்டுங்கள்.

மூன்றாவதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தம்பி தங்கையைக் கூடையில் உட்கார வைக்காதீர்கள். கேரியரில் 25 கிலோ என்று இருக்கிறது, தம்பி 18 கிலோதான் என்று கணக்குச் சொல்லாதீர்கள். அந்த எண் கட்டி வைத்த, அசையாத சுமைக்கானது. குழந்தை திரும்பும், எழுந்து நிற்கும், காலைச் சக்கரத்துக்குள் விடும். சமையல் வாயு உருளையும் வேண்டாம். வீட்டு உருளையின் 14 கிலோ என்பது உள்ளே உள்ள வாயு மட்டும். இரும்பின் எடை தனி.

மாணவர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள எடைக்கருவியின் மேல் சைக்கிளின் முன் சக்கரத்தை ஏற்றுங்கள். பின் சக்கரத்தின் அடியில் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். நண்பர் ஒருவர் சைக்கிளை லேசாகப் பிடித்திருக்கட்டும். கேரியரின் கடைசி நுனியில் 5 கிலோ அரிசிப் பையை வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு பையைச் சீட்டை ஒட்டி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு எண்களையும் அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டு, அவர்களோடு கடைக்குப் போங்கள். கடைக்காரர் பெரிய கூடையை எடுத்துக் காட்டினால், அதை எந்த இடத்தில் எப்படிப் பொருத்துவார் என்று கேளுங்கள். அவர் சரியான பதில் சொன்ன பிறகு விலையைப் பேசலாம்.