சிறு சங்கங்களும் பழவேற்காட்டுப் பாடும்

பெருவீரரைப் போற்றும் நாம், அவரை ஈன்றளித்த சிறு ஆட்டச் சங்கங்களை மறந்துவிடுகின்றோம். இது தகாது என்பதே நம் கருத்து.

சென்னையில் 1846-இல் தோன்றிய கிரிக்கெட்டுச் சங்கம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அது கண்ட புச்சிபாபு நாயுடு, 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிரிக்கெட் கிளப்பை நிறுவி, இந்திய இளைஞரைப் பயிற்றுவித்தார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிர்நின்று ஆடிய மாகாணப் போட்டி அவர் முயற்சியின் பயனே. அவர் 1908-இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய போட்டியோ இடையில் நின்று, 2023-இல் மீண்டும் தொடங்கப்பெற்றது. பெயரும் வரலாறும் எழுதப்பட்டிருந்தமையாலன்றோ அது மீண்டது?

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் இளைஞர் பந்தாடுகின்றனர். சங்கம் நடத்தும் நெறியை அவர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. மீன்படும் இடங்களை உரிமையுடையோர் சீட்டெடுத்து முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் அவர் முன்னோர் வகுத்ததன்றோ? வலியவன் இடத்தைப் பற்றிக்கொள்ளாது, முறை வந்தவனுக்கு விட்டுக்கொடுத்தலே அதன் உயிர். ஆட்டத்தின் உயிரும் அதுவே.

அவர்க்கு வேண்டுவன ஆடுகளமும் ஆதரவும், அவர்தம் ஆட்டக் குழுக்களின் கதையைக் காக்கும் ஓர் ஏடுமே. முதியோர் மறைந்தால் அக்கதையும் மறையும். ஆதலின் மாணவ நண்பர்காள், அக்குப்பங்களுக்குச் சென்று அவரோடு ஆடுவோம். அவர் சொல்லக் கேட்டு எழுதிவைப்போம்.