வலி முழங்காலில், பழுது வேறிடத்தில்

மும்பையில் நம்மவர்கள் வாழும் மாட்டுங்கா, செம்பூர் பக்கமெல்லாம் இப்போது தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. நம் வயதுக்காரர்களும் சேருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நம் உடம்பைத் திருத்த வரும் இளைஞர் என்ன படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய புஜத்தைப் பார்த்ததும் திருப்தியடைந்து விடுகிறோம்.

அறுபத்து நான்கு வயது நண்பர் ஒருவர் முழங்கால் வலியோடு ஒரு ஜிம்மில் சேர்ந்தார். முதல் வாரமே தோளில் பாரம் ஏற்றிக் குந்தச் சொன்னார்கள். அப்புறம் மூன்று மாதம் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை.

ரயில் சக்கரத்தின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்தால் சக்கரத்தை மட்டும் கடைந்து அனுப்பினால் போதாது. போகியின் அமைப்பு கோணியிருந்தால் புதுச் சக்கரமும் அப்படியே தேயும். 'கரெக்டிவ் எக்ஸர்சைஸ்' என்னும் திருத்தப் பயிற்சியும் இந்தக் கணக்குத்தான். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, நாற்காலியில் உட்காருவதுபோல் குந்தச் சொல்வார்கள். முழங்கால்கள் உள்பக்கம் சாய்கின்றனவா, குதிகால் எழும்புகிறதா என்று கவனிப்பார்கள். வலிப்பது முழங்காலாக இருக்கும். காரணம் பலமிழந்த இடுப்புத் தசையாகவோ இறுகிய கணுக்காலாகவோ இருக்கலாம். இறுகியதைத் தளர்த்தி, தளர்ந்ததற்கு வலுவூட்டி, பிறகே பாரம். ஒரு பக்கத் தசை இறுகினால் எதிர்ப்பக்கம் சோர்ந்துபோகும் என்று விளக்கி இத்துறைக்கு வழிகாட்டியவர் செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா (1928-2002).

நம் பிள்ளைகள் சிலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். பெற்றோர் அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். எதற்குக் கூச்சம்? உடற்கூறும் முதலுதவியும் படித்து, அடிப்படைச் சான்றிதழ் வாங்கி, அனுபவசாலி ஒருவரிடம் இரண்டு வருடமாவது கைவேலை பழகிவிட்டுத் திருத்தப் பயிற்சிக்கு வந்தால் அது கௌரவமான தொழில். சில வாரப் படிப்போடு நேராக அதற்குத் தாவுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். ரயில்வேயில் தகுதிச் சான்று இல்லாதவர் சிக்னலைத் தொட முடியாது. அந்தச் சான்றையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டுகளுக்கு 2021-இல் மைய அரசு சட்டமே இயற்றியது. ஜிம் பயிற்சியாளருக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு கிடையாது.

அது வரும்வரை நாம்தான் விசாரிக்க வேண்டும். கட்டணத்தில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் நாம், சான்றிதழையும் காட்டச் சொல்லலாமே! வலி என்றதும் "முதலில் டாக்டரைப் பாருங்கள் மாமா" என்று திருப்பி அனுப்புகிற பையனிடம் தைரியமாகச் சேரலாம். சங்கச் செயற்குழுவும் ஒரு ஞாயிறு பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பட்டிமன்றத்துக்கு மண்டபம் கிடைக்கிறதே, இதற்குக் கிடைக்காதா?